மெத்தைக் கம்பனியின் கோல்கீப்பர்

மெத்தை செய்கிற கம்பனிக்கு உதைபந்தாட்டக் கழகம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் துணிந்தவர்கள் அங்கே வேலை செய்யவில்லை. வேலை செய்தவர்களுக்குக் கேள்வி கேட்கிற விசா இல்லை. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி கன்ரீனில் கதிரையில் ஏறி நின்று “நமக்கு ஒரு கழகம் வேண்டும்” என்று அறிவித்தபோது, எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

முதலாளி கொர்னெல் ருமேனியாவில் பிறந்தவர். பென்டில் ஹில்லுக்கு அந்தப் பக்கம், லொறிகள் மட்டும் திரும்புகிற ஒரு தெருவில், ஒரு கராஜும் ஒரு தையல் மெஷினுமாகத் தொடங்கி, சிட்னியின் பாதிப் பேரைத் தன் மெத்தையில் படுக்க வைத்தவர். எழுபது தாண்டியும் காலையில் முதல் ஆளாக வந்து ஸ்பிரிங் சுற்றுகிற இடத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். பேச்சு என்று வந்தால் மட்டும் மனிதர் இலேசில் கீழே இறங்கமாட்டார்.

“எங்கள் ஊரில் ஆணி செய்கிற தொழிற்சாலை இருந்தது” என்றார். “அதற்கு ஒரு கழகம் இருந்தது. அதில் விளையாடிய அத்தனை பேரும் சம்பளப் பதிவில் ஆணிப் பரிசோதகர்கள். ஒருவர்கூட வாழ்க்கையில் ஓர் ஆணியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. இருந்தாலும் ஊர் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கழகம் வென்றால் திங்கட்கிழமை எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு ஆணி அடித்தார்கள். பிறகு ஆட்சி போனது, தொழிற்சாலை போனது, கழகமும் போனது. இப்போது அந்த மைதானத்தில் செம்மறி மேய்கிறது. அங்கே விளையாட்டுக்காரர்கள் தொழிலாளிகளாக நடித்தார்கள். நீங்கள் உண்மையான தொழிலாளிகள். உண்மையாகவே விளையாடப் போகிறீர்கள். அதற்காகத்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன்.”

அவர் வந்தது வேறு எதற்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லும்போது கிழவருக்குக் கண் கலங்கியது உண்மை.

அணியைத் தெரிவு செய்கிற பொறுப்பு ‘மனிதரும் பண்பாடும்’ பகுதிக்குப் போனது. முன்பு அதற்கு ஆளணிப் பகுதி என்று பெயர். பெயர் மாறிய பிறகு மனிதர் குறைந்தார்கள், பண்பாடு கூடியது. அதன் தலைவி ஷெல்லி நல்ல பெண். யாரையாவது வேலையால் நிறுத்தினால்கூடக் கேக் வெட்டித்தான் நிறுத்துவாள். உதைபந்தில் பதினொரு பேர் என்பதையும் அதில் ஒருவர் கையால் பிடிக்கலாம் என்பதையும் அறிந்துகொண்டு, கையால் பிடிக்கிற ஆளைத் தேடினாள். போன மாதம் மேல் தட்டிலிருந்து சரிந்த இரட்டைக் கட்டில் மெத்தையைப் பாய்ந்து பிடித்தவன் ஒருவன் இருந்தான். அவனை அழைத்து, “விழுகிற பொருட்களில் உனக்கு இயல்பான ஈடுபாடு இருக்கிறது” என்றாள்.

அவன்தான் கேதீஸ்வரன். மன்னாரில் ஊர்க் கழகத்துக்கு ஏழெட்டு வருஷம் கோல் காத்தவன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

அவன் படகில் வந்தவன். மனைவி தர்சினியையும், அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய மகள் கௌசிகாவையும் விட்டுவிட்டு வந்தான். இரண்டு வருஷத்தில் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேன்முறையீடு மறுக்கப்பட்டு, இப்போது கையில் இருப்பது அடிக்கடி புதுப்பிக்கிற ஒரு தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம், வரிசையில் நிற்கலாம். மகளைப் போய்ப் பார்க்க முடியாது. போனால் திரும்ப வர முடியாது. மகளைக் கூப்பிடவும் முடியாது. வென்ட்வேர்த்வில்லில் ஒரு வீட்டில் முனவ்வரோடு ஓர் அறையைப் பகிர்ந்து இருந்தான். முனவ்வர் புத்தளத்துக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், இவனைவிட மூத்தவர். கேதீஸ்வரன் அவரை நானா என்று கூப்பிடுவான். பின்வரிசையில் நின்று தடுத்தாட அவரையும் எடுத்தார்கள், ஃபோர்க்லிஃப்டைப் பின்னுக்கு எடுப்பதில் கம்பனியிலேயே சிறந்தவர் என்ற தகுதியில்.

முதல் பயிற்சியில் பந்து வர முன்னரே பாதுகாப்பு உத்தியோகத்தர் வந்துவிட்டார். பந்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, அதனால் வரக்கூடிய ஆபத்துகளை விளக்கினார். எல்லோரும் சட்டைக்கு மேலே ஒளிரும் மேலங்கி போடவேண்டும் என்றார். கோல்கீப்பர் குதிக்கிறவன் என்று யாரோ காட்டிக்கொடுக்க, “அப்படியானால் அது உயரத்தில் செய்கிற வேலை” என்றார். கேதீஸ்வரன் ஒரு முழு நாள் பரமட்டாவுக்குப் போய், கூரைத் தொழிலாளிகளோடு இருந்து, இடுப்பில் கயிறு கட்டி ஏணியில் ஏறி இறங்கி, உயரத்தில் வேலை செய்வதற்கான சான்றிதழோடு வந்தான். அதன் பிறகுதான் அவனுக்குப் பந்தை மேலே அடிக்க அனுமதி கிடைத்தது.

“மன்னாரில இதொண்டும் இல்லாமல் எப்பிடியடா உயிரோட இருந்தனீ?” என்று முனவ்வர் கேட்டார்.

“அங்க பந்தால ஒருத்தரும் சாகேல்லை நானா” என்றான் கேதீஸ்வரன்.

ஆட்டங்களை நேரலையாக முகநூலில் போடவேண்டும் என்பது கொர்னெல்லின் ஆசை. ஊரிலே அவருடைய பழைய கூட்டாளிகள் ஒன்றிரண்டு பேர் இன்னும் இருந்தார்கள். அந்த வேலை தொடர்பாடல் பகுதியில் இருந்த பிரதீப்குமாருக்கு வந்தது. கோயம்புத்தூர்ப் பையன், மரியாதையானவன், எல்லாருக்கும் ஆமா போடுவான். கம்பனி மைதானத்தில் மின்சாரம் எடுக்கிற வசதி வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது. ஆகவே கமெராவும் அங்கேதான் நின்றது. முதல் பாதியில் கேதீஸ்வரனின் முதுகு திரை முழுக்கத் தெரியும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்போது அவன் தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாகிவிடுவான்.

அந்த முதுகைப் பார்க்க மன்னாரில் ஒரு ரசிகை உருவாகியிருக்கிறாள் என்பது அவனுக்கு இரண்டாம் கிழமைதான் தெரிந்தது.

அதுவரைக்கும் கௌசிகாவுக்கு அப்பா என்பது போனில் வருகிற ஒரு கடமை. தாய் கூப்பிட்டால் வருவாள், நல்லா இருக்கிறன் என்பாள், பிறகு இருவரும் தர்சினி வந்து காப்பாற்றும்வரை பேசாமல் இருப்பார்கள். அன்றைக்கு அவளே போனைப் பறித்தாள்.

“அப்பா, நீங்கள் இடப்பக்கம் பாய முன்னம் வலது முழங்காலை மடிக்கிறீங்கள். அடிக்கிறவனுக்கு விளங்கிடும்.”

“உனக்கு ஆர் பிள்ளை இதெல்லாம் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பின்னால நிண்டு பாத்தால் தெரியுது. எங்கட ஸ்கூல் டீமுக்கு நான்தானே கோல். ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. மகளுக்கு என்ன சைஸ் சட்டை என்று தெரியும், கணக்கில் எத்தனை புள்ளி என்று தெரியும். இது தெரியாது. அன்று அவர்கள் முழங்காலைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். போனை வைத்த பிறகு அவன் குசினியில் நின்று கறிச்சட்டியைக் கிண்டிக்கொண்டே அழுதான். வெங்காயம் என்று முனவ்வரிடம் சொன்னான். கறியில் வெங்காயம் எப்போதோ பொன்னிறமாகியிருந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. சிட்னியில் பின்னேரம் ஆட்டம் தொடங்கும்போது மன்னாரில் காலை. கௌசிகா கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு போனைச் சுற்றி உட்காருவாள். ஆட்டம் முடிந்து அவன் சப்பாத்துக் கழற்ற முன்னரே அழைப்பு வரும். கையுறையைப் பற்றி, காற்றைப் பற்றி, முனவ்வர் மாமா ஏன் இவ்வளவு மெதுவாகத் திரும்புகிறார் என்பதைப் பற்றிப் பேசுவாள். பன்னிரண்டு வருஷம் சொல்லாத ‘அப்பா’ எல்லாவற்றையும் அந்த அரை மணித்தியாலத்தில் சொல்லித் தீர்ப்பாள்.

கம்பனியில் எந்த விபத்து நடந்தாலும் விசாரணை உண்டு. ஆகவே முதல் கோல் விழுந்து, அடுத்து வந்த திங்கட்கிழமையே கேதீஸ்வரனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் எந்தப் பிழைக்கும் மூலகாரணம் கிடைத்துவிடும் என்பது கம்பனியின் நம்பிக்கை. ஷெல்லி கேட்டாள். பிரதீப்குமார் மொழிபெயர்த்தான்.

“முதலாவது ஏன். பந்து ஏன் உள்ளே போனது?”

“நான் மற்றப் பக்கம் பாய்ஞ்சிட்டன்.”

“ஏன் மற்றப் பக்கம்?”

“ஒருக்காப் பின்னால திரும்பிப் பாத்தனான்.”

“பின்னால் ஏன் பார்க்கவேண்டும்?”

“அங்க கமெரா இருக்கு.”

“கமெராவை ஏன்?”

“அதுக்குள்ளால என்ர மகள் பாக்கிறாள்.”

ஷெல்லி கனிவாகச் சிரித்தாள். அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். “ஐந்தாவது ஏன். மகள் ஏன் கமெராவுக்குள்ளால் பார்க்கிறாள்? மைதானத்துக்கு வரலாமே?”

“அவள் அங்க. நான் இஞ்ச” என்றான் கேதீஸ்வரன்.

அது ஏன் என்று ஷெல்லி கேட்கவில்லை. ஆறாவது ‘ஏன்’ கேட்க விதிமுறையில் இடம் இல்லை. மூலகாரணம் கவனச்சிதறல் என்று முடிவாகியது. பரிகாரமாகக் கோல்கம்பம் இரண்டிலும் ‘முன்னே பார்’ என்று ஒட்டினார்கள். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு கோலுக்கும் ஒரு விசாரணை நடந்தது. நல்லவேளை, கோல் அதிகம் விழவில்லை. மகள் சொன்னபடி அவன் முழங்காலைத் திருத்திக்கொண்டான்.

கழகம் வெல்லத் தொடங்கியது. சும்மா இல்லை, அடுத்தடுத்து வென்றது. மெத்தை தூக்குகிறவர்களுக்கு இடுப்பு உரம் உண்டு. இரவு வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்குப் பயம் கிடையாது. இரண்டாம் பருவத்தில் மேற்குச் சமவெளி உதைபந்தாட்டச் சங்கத்தின் கிண்ணம் கன்ரீனுக்கு வந்து, மைக்ரோவேவுக்கு மேலே இருந்தது. இறுதி ஆட்டத்தில் கேதீஸ்வரன் இரண்டு பெனால்டி பிடித்தான். அந்த வீடியோவைக் கௌசிகா பாடசாலையில் உதைபந்து பழக்குகிற சேருக்குக் காட்ட, சேர் வகுப்புக்குக் காட்ட, கடைசியில் அதிபர்கூடப் பார்த்தாராம்.

இந்த இடத்தில் கொர்னெல்லின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். அவருடைய ஊரில் ஆட்டம் முடிந்ததும் நடுவரின் வீட்டுக்கு ஒரு பெட்டி ஆணி போகும். வென்றாலும் போகும், தோற்றாலும் போகும். ஊருக்கு வந்து வெயிலில் ஓடின மனிதரை வெறுங்கையோடு அனுப்புகிறதா என்பது அவர் கட்சி. இங்கே அவரிடம் ஆணி இல்லை. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் முனவ்வரும் கேதீஸ்வரனும் கம்பனி வான் வண்டியில் ஒரு மெத்தையை ஏற்றிக்கொண்டு நடுவரின் வீட்டுக்குப் போனார்கள். நார்த்மீட்டில் முதல் நடுவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவருடைய மனைவி வந்து மெத்தையை ஒரு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, மேல்மாடியில் வைக்கச் சொன்னாள். தோற்ற ஆட்டத்துக்கும் மெத்தை போனது. முனவ்வருக்குச் சிவப்பு அட்டை காட்டியவருக்குக் கொஞ்சம் திறமான மெத்தை போனது, மனிதர் மனம் நொந்திருப்பார் என்று.

“இது பிழையில்லையோ நானா?” என்று கேதீஸ்வரன் ஒரு முறை கேட்டான்.

“என்ன பிழை? நாங்களெண்டால் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவம். அவர் மெத்தைக்காரர், மெத்தை குடுக்கிறார். அந்தத் தலைப்பைப் பிடி, படி வருது.”

இருவருக்கும் அது விளங்கியது. கொர்னெல்லுக்கும் விளங்கியது. ஒரு வீட்டுக்குக் கை நிறையப் போவது மரியாதை என்று நினைக்கிற ஊர்களில் பிறந்தவர்கள் மூவரும். அந்த மரியாதைக்கு இந்த நாட்டில் வேறு பெயர் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அதன்மேல் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் கொர்னெல்லின் பிள்ளைகள் கம்பனியை மெல்பேர்ன் முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டார்கள். கிழவருக்குக் கௌரவ நிறுவுநர் என்ற பட்டமும் நுழைவாசலில் ஒரு கதிரையும் கிடைத்தன. புதிய தலைமை நிர்வாகி விமானத்தில் வந்து இறங்கி, அதே கன்ரீனில் பேசினார். கதிரையில் ஏறவில்லை, காதிலே ஒலிவாங்கி மாட்டியிருந்தார்.

“இந்தக் கழகம் ஒரு செலவு அல்ல, ஒரு கதை. மக்கள் மெத்தை வாங்குவதில்லை, கதை வாங்குகிறார்கள். மெத்தை, கதையை வீட்டுக்குக் கொண்டுபோகிற பொதி மட்டும்தான். உங்களில் சிலர் கடலைக் கடந்து, எல்லாவற்றையும் இழந்து வந்திருக்கிறீர்கள். அதற்காக நாங்கள் மிகவும் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம்.”

அவர் மனதார நன்றி சொன்னார். அந்த மாதமே கேதீஸ்வரன் கையுறையோடு மெத்தையில் படுத்துத் தூங்குகிற படம் பேருந்துகளின் முதுகில் வந்தது. ‘எதையும் தவறவிடாதவர். இப்போது நிம்மதியாக உறங்குகிறார்.’ படம் பிடித்த அன்று அவன் முதல் நாள் இரவு வேலை செய்துவிட்டு வந்ததால் உண்மையிலேயே தூங்கிவிட்டான். எழுப்பவில்லை, அதுவே நல்லது என்றார்களாம். கௌசிகா படத்தை அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

கழகம் விழுந்தது இப்படித்தான். நார்த்மீட் நடுவரின் மெத்தையில் ஒரு ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டது. பத்து வருஷ உத்தரவாதம் என்று மூலையில் தைத்திருந்ததால், அவர் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். வாங்கவில்லை, ஓர் ஆட்டத்துக்குப் பிறகு கழகம் தந்தது என்றார். என்ன தொடர்பில் தந்தது என்று கேட்டார்கள். நான்தான் நடுவர் என்றார். தரத்தை மேம்படுத்துவதற்காக எல்லா அழைப்புகளையும் பதிவு செய்கிறார்கள். அன்றைய பதிவு வழமையைவிடத் தரமாக இருந்தது. அது எப்படியோ வெளியே போய், தோற்ற கழகங்களின் காதுக்கு எட்டியது. சங்கம் பகிரங்க விசாரணை வைத்தது.

பேருந்து முதுகுகளில் இருந்த கேதீஸ்வரன் அந்தக் கிழமையே உரிக்கப்பட்டான். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னர் ஷெல்லி அவனைக் கூப்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“எங்கள் சட்டத்தரணிகள் ஆராய்ந்து பார்த்ததில் நமக்குக் கழகமே இல்லை, கேதீஸ். அது ஊழியர் நல்வாழ்வுத் திட்டம். கழகம் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் நடுவர் இல்லை. நடுவர் இல்லாவிட்டால் மெத்தை வெறும் மெத்தை. சனிக்கிழமைகளில் நீ வேலையில் இருந்தாய். சம்பளப் பதிவில் பொருள் கையாளுதல் என்றுதான் இருக்கிறது.”

“நான் விளையாடினனான்” என்றான் கேதீஸ்வரன்.

“நீ பொய் சொல்லவேண்டியதில்லை. பொய் எங்கள் விழுமியங்களுக்கு எதிரானது. உண்மையை வேறு சொல்லில் சொல்கிறாய், அவ்வளவுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உன் விசா நிலைமையை நாங்கள் எல்லோரும் மிகவும் மதிக்கிறோம். உனக்கு வேலை இல்லாமல் போவதைப் பார்க்க இங்கே ஒருவருக்கும் விருப்பம் இல்லை.”

விருப்பம் இல்லை என்று அவள் சொன்னது அவனுக்கு நன்றாகவே விளங்கியது. வேலை போய், லஞ்சம் என்று ஒரு சொல்லும் பெயரோடு ஒட்டிக்கொண்டால், அடுத்த முறை விசா புதுப்பிக்கிறவர் எந்த முகத்தோடு பார்ப்பார் என்று அவனுக்குத் தெரியும். மெத்தையின் ஒரு தலைப்பைப் பிடித்தவன் அவனல்லவா?

“விளையாடேல்லை எண்டு சொல்லிப்போட்டு வா” என்றார் முனவ்வர். “பந்து என்ன கோவிக்கப் போகுதோ? தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும்.”

தெரிந்த ஆட்களுக்குத் தெரியும் என்று அவனும் தன்னைத் தேற்றிக்கொண்டான். தெரியவேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியும்.

விசாரணை ஒரு சனிக்கிழமை பின்னேரம் சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. கம்பனியின் சட்டத்தரணி முதலில் எழுந்தார். பேருந்துப் படத்தைக் காட்டி, இதில் இருப்பது கோல்கீப்பர் அல்லவா என்று சங்கத் தலைவர் கேட்டதற்கு, “கோல்கீப்பரின் சாயலில் உறங்குகிற ஓர் ஊழியர்” என்றார். தலைவர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். சங்கத்துக்கும் இது வசதியாக இருந்தது. மெத்தை வாங்கிய நடுவர்கள் இத்தனை பேர் என்று ஒத்துக்கொள்வதைவிட, ஆட்டமே நடக்கவில்லை என்பது கௌரவமான முடிவு.

கொர்னெல் இடையில் எழுந்துவிட்டார். பேச அவருக்கு முறை இல்லை, ஆனாலும் பேசினார்.

“அவர்கள் விளையாடினார்கள். மெத்தை கொடுத்தது நான். தண்டனையை எனக்குத் தாருங்கள். என் ஊரில் ஆணியைத் தொடாதவர்கள் ஆணிப் பரிசோதகர் என்று சத்தியம் செய்தார்கள். அந்த ஊரை விட்டுத்தான் நான் வந்தேன். இங்கே விளையாடியவனை விளையாடவில்லை என்று சொல்ல வைக்காதீர்கள்.”

“கௌரவ நிறுவுநரின் உணர்ச்சிகளைச் சபை மதிக்கிறது” என்றார் தலைவர். “உணர்ச்சிகள் பதிவில் சேர்க்கப்படமாட்டா.”

பிறகு கேதீஸ்வரனைக் கூப்பிட்டார்கள். தாய்மொழியில் பதில் சொல்வது உங்கள் உரிமை என்று தலைவர் வற்புறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியில், எங்கேயோ இருந்துகொண்டு பேசினார்.

“நீங்க இந்த அணிக்காக கால்பந்து விளையாடினீங்களான்னு கேக்கறாங்க.”

அவன் ஷெல்லியைப் பார்த்தான். அவள் தைரியமாக இரு என்பதுபோலத் தலையசைத்தாள். கொர்னெல்லைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டான். கிழவர் இரண்டு கையாலும் முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்லை” என்றான். “நான் விளையாடேல்லை. ஒருநாளும் விளையாடேல்லை. நான் வேலை செய்தனான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். கொர்னெல் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து வெளியே வரும்போது, மண்டபத்தின் பின்மூலையில் பிரதீப்குமார் கமெராவைக் கழற்றிக்கொண்டிருந்தான். கேதீஸ்வரன் அவனுக்குக் கிட்டப் போனான்.

“தம்பி, இது என்னத்துக்கு?”

“பகிரங்க விசாரணை இல்லீங்களா அண்ணே? சங்கத்துக்கிட்ட கேமரா இல்லைன்னு நம்ம கம்பெனிய கேட்டாங்க. நான்தான் லைவ் போட்டேன்.”

“எங்க போட்டது?”

பிரதீப்குமாரின் கை நின்றுவிட்டது. “நம்ம கிளப் பேஜ்லதான் அண்ணே. எப்பவும் அதுலதானே போடுவேன்” என்றான்.

சனிக்கிழமை பின்னேரம். மன்னாரில் காலை. கழகத்தின் முகநூல் பக்கத்தில் நேரலை தொடங்கினால் பின்தொடர்கிறவர்களின் போன் எல்லாம் தானாக அடிக்கும். இத்தனை நாளும் முதுகைப் பார்த்த பிள்ளை, அன்றைக்குத்தான் அந்தப் பக்கத்தில் முதன்முதலாக அவன் முகத்தை முழுசாகப் பார்த்தாள். அதுவும் தமிழில் பேசுகிற முகத்தை.

தீர்ப்பு அடுத்த கிழமை வந்தது. கழகத்தின் ஆட்டங்கள் அனைத்தும் ஆடப்படாதவை எனக் கருதப்படும். கிண்ணம் திரும்பிப் போனது. மைக்ரோவேவுக்கு மேலே வட்டமாக ஒரு தூசிக் கோடு மிஞ்சியது. வீடியோக்கள் நீக்கப்பட்டன. மைதானத்தில் லொறிகளை நிறுத்தத் தொடங்கினார்கள். ஆனால் கோல் விழுந்ததற்கான விசாரணைப் பதிவுகளை மட்டும் பாதுகாப்புச் சட்டப்படி அழிக்க முடியாதாம். ஆகவே உத்தியோகபூர்வமாகக் கேதீஸ்வரன் ஓர் ஆட்டமும் ஆடவில்லை, அத்தனை கோலும் அவன் வாங்கினதுதான். அவனுடைய வேலை தப்பியது. ஷெல்லி அவனுடைய ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு கேக் வெட்டினாள். நுழைவாசலில் இருந்த கொர்னெல்லின் கதிரை சில நாள் வெறுமையாகக் கிடந்தது. பிறகு அங்கே ஒரு பூச்சாடி வைத்தார்கள்.

விசாரணை நடந்த அன்று கௌசிகா போனை எடுக்கவில்லை. அடுத்த சனியும் எடுக்கவில்லை. தலையிடி என்றாள் தர்சினி, படிக்கிறாள் என்றாள். மூன்றாம் சனி எடுத்தாள்.

“பிள்ளை.”

“ஓம் அப்பா. பாத்தனான்.”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மெத்தையைச் சொன்னான், கம்பனியைச் சொன்னான், விசாவைச் சொன்னான். விசாவைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. பிறந்தநாளுக்கு ஏன் வரவில்லை, கூட்டாளிகளின் அப்பாமாரைப் போல ஏன் பள்ளிக்கூட வாசலில் நிற்கவில்லை, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அவன் கொடுத்த பதில் அது ஒன்றுதான்.

“விளங்குது அப்பா” என்றாள். “நீங்கள் யோசிக்காதேங்கோ.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். அவள் ஒரு பெரிய மனுஷி வருத்தக்காரனைத் தேற்றுகிற மாதிரித் தேற்றினாள். அவன் ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்துக் கேட்டான்.

“உங்கட மட்ச் எப்ப பிள்ளை? நீதானே கோலுக்க?”

“இல்லையப்பா. நான் இப்ப விளையாடுறேல்லை.”

“ஏனம்மா?”

“ஒருநாளும் பெரிசா விளையாடேல்லைத்தானே. சும்மா நிண்டனான். அம்மா வாறா, குடுக்கிறன்.”

போன் கைமாறியது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தர்சினி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“இஞ்சேருங்கோ, அவள் சொன்னதைக் கேட்டு மனம் நோகாதேங்கோ. புதன்கிழமை மாகாண மட்ச். இவள்தான் கப்டன். விடிய வெள்ளன எழும்பி ஓடுறாள்.”

“பிறகேன் அப்பிடிச் சொன்னவள்?”

“உங்களிட்டச் சொல்லவேண்டாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவள்” என்றாள். “நான் சொன்னதெண்டு காட்டிப்போடாதேங்கோ.”

“இல்லை, காட்டேல்லை” என்றான் கேதீஸ்வரன்.

புதன்கிழமை அவனுக்குப் பகல் வேலை. மன்னாரில் ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்கு அவன் லொறிகள் நிற்கிற இடத்துக்கு மெத்தைகளை இறக்கிக்கொண்டிருந்தான். முனவ்வர் ஃபோர்க்லிஃப்டில் இருந்து எட்டி, “என்னடா, முகம் ஒருமாதிரி, ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை நானா” என்றான் அவன். “எங்கட வீட்டில ஒருத்தரும் விளையாடுறேல்லை.”